கோபன்ஹேகன் முதல் வி.கே.புரம் வரை

மலர்க் குழுவில் இருக்கும் நண்பர் ஒருநாள் போனில் கூப்பிட்டார். "நீ ஆஸ்பத்திரி மெஷின் பாக்குற இன்ஜினீயர்தானே. வென்டிலேட்டர் எப்படி வந்துச்சுன்னு ஒரு வரலாற்றுக் கட்டுரை எழுதிக் குடு. இப்போ படிக்கிற பசங்களும் வாசிப்பாங்க" என்றார். சரி என்று ஒத்துக்கொண்டேன். எழுத உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, மெஷினின் வரலாற்றை மட்டும் தனியாகப் பிரித்து எழுத என்னால் ஆகாது என்று. அதனோடு எங்கள் தாத்தாவும் ஆச்சியும் சேர்ந்தே வருகிறார்கள். வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நான் டாக்டர் இல்லை. 2006 முதல் 2009 வரை நம் கல்லூரியில் பி.எஸ்ஸி. இயற்பியல் படித்து, பிறகு நேரடி இரண்டாம் ஆண்டில் பி.இ. சேர்ந்து, இன்று ஐ.சி.யு. கருவிகளைப் பழுது பார்க்கும் வேலையில் இருக்கிறேன். ஆகவே இதை வைத்தியக் குறிப்பாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றபடி கேட்டும், வீட்டில் வந்து படித்தும் தெரிந்துகொண்டவை இவை.

2008 தை மாதம். நான் இரண்டாம் ஆண்டு. மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற எங்கள் தாத்தாவுக்கு ஒரு நாள் விடியற்காலையில் மூளையில் ரத்தக் கசிவு. திருநெல்வேலியில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம். தொண்டையில் குழாய், அதன் மறு முனையில் வென்டிலேட்டர். ஒன்பதாவது நாள் டாக்டர் அப்பாவைக் கூப்பிட்டார். "இனிமே நாங்க செய்யறதுக்கு ஒண்ணும் இல்லை. வச்சுப் பாக்கணும்னா பாக்கலாம். இல்லேன்னா வீட்டுக்குக் கொண்டு போயிருங்க" என்றார். கையில் இருந்த பணம் அதற்கு முந்தின நாளே தீர்ந்திருந்தது. தாத்தாவின் உயிர் வீட்டில் போக வேண்டும் என்பது ஆச்சியின் ஒரே வேண்டுதல்.

அப்பா கையெழுத்துப் போட்ட தாளில், மருத்துவரின் ஆலோசனைக்கு மாறாக, எங்கள் சொந்த விருப்பத்திலும் பொறுப்பிலும் நோயாளியை அழைத்துச் செல்கிறோம் என்று அச்சடித்திருந்தது. அப்பா அதை இரண்டு தடவை வாசித்தார். "அவரு சொல்லித்தானே கூட்டிட்டுப் போறோம்? இதுல மாத்திப் போட்டிருக்கே" என்று என்னிடம் கேட்டார். எனக்கும் பதில் தெரியவில்லை. கையெழுத்துப் போடாவிட்டால் ஆம்புலன்ஸ் கிளம்பாது.

மெஷினைக் கழற்றிவிட்டு, குழாயில் ஒரு ரப்பர்ப் பையை மாட்டிக் கொடுத்தார்கள். ஆம்பு பேக் என்று பெயர். "ஒண்ணு, ரெண்டு, மூணு எண்ணி ஒரு அமுக்கு. விடாம அமுக்கணும்" என்று உடன் வந்த பையன் சொல்லிக் கொடுத்தான். பேட்டை, சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் என்று ஏறக்குறைய 50 கி.மீ. அப்பாவும் சித்தப்பாவும் மாறி மாறி அழுத்திக்கொண்டே வந்தார்கள். வீட்டில் பட்டாசலில் கட்டில் போட்டிருந்தது. அந்தப் பையன் பையையும் குழாயையும் எடுத்தான். இருபது நிமிடத்தில் தாத்தா அடங்கினார்.

எங்கள் குடும்பத்தில் இதைப்பற்றி யாரும் பேசுவதில்லை. ஆனால் ஆண்டுகள் கழித்து ஒருநாள், ஆற்றில் குளித்துவிட்டு வரும்போது அப்பா சொன்னார்: "நாந்தாம்ல பையை விட்டேன். இன்னும் ரெண்டு நாள் அமுக்கியிருந்தா என்ன ஆயிருக்குமோ." அன்றிலிருந்துதான் நான் இந்த வரலாற்றைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

அந்தப் பையின் கதை டென்மார்க் நாட்டின் தலைநகர் கோபன்ஹேகனில் தொடங்குகிறது. 1952-ஆம் ஆண்டு கோடையில் அங்கே இளம்பிள்ளை வாதம் கொள்ளை நோயாகப் பரவியது. பிளெக்டாம் என்ற தொற்றுநோய் மருத்துவமனையில் சில நாட்களில் ஐம்பது பேர் வரைக்கும் வந்து சேர்ந்தார்கள். மூச்சுத் தசைகள் செயலிழந்தவர்களுக்கு அந்தக் காலத்தில் இருந்த ஒரே வழி 'இரும்பு நுரையீரல்' என்ற பெரிய பீப்பாய். அந்த மருத்துவமனையில் இருந்தது ஒரே ஒரு பீப்பாய். மார்பில் மாட்டும் சிறிய கருவிகள் ஆறு. மூச்சுத் திணறி வந்த முதல் 31 பேரில் 27 பேர் மூன்று நாட்களுக்குள் இறந்துபோனார்கள்.

தலைமை மருத்துவர் லாசன், மயக்க மருந்து நிபுணரான பியோர்ன் இப்சன் என்பவரை ஆலோசனைக்கு அழைத்தார். ஆபரேஷன் மேஜையில் தினமும் செய்வதையே இங்கும் செய்யலாம் என்றார் இப்சன். தொண்டையில் துளையிட்டு, குழாய் விட்டு, பையை அழுத்திக் காற்றை உள்ளே தள்ளுவது. ஆகஸ்ட் 27-ஆம் தேதி 12 வயதுச் சிறுமி ஒருத்திக்கு, சுற்றி நின்ற டாக்டர்கள் நம்பிக்கையிழந்து பார்த்துக்கொண்டிருக்கையில், செய்து காட்டினார். அவள் பிழைத்தாள்.

முறை கிடைத்துவிட்டது. அழுத்துவது யார்? ஒரே சமயத்தில் எழுபது நோயாளிகள் வரை. இரவும் பகலும் அழுத்த வேண்டும். மருத்துவக் கல்லூரி மாணவர்களைக் கூப்பிட்டார்கள். சுமார் 1,500 மாணவர்கள் ஷிப்ட் போட்டு, மாதக்கணக்கில் கையால் அழுத்தினார்கள். அழுத்திக்கொண்டே குழந்தைகளுக்குக் கதை வாசித்துக் காட்டினார்களாம். இப்போது கல்லூரியில் படிக்கும் தம்பி தங்கைகளின் வயதுதான் அவர்களுக்கும். பத்தில் எட்டுக்கு மேல் இருந்த சாவு, பாதிக்கும் கீழே இறங்கியது. அடுத்த ஆண்டு, 1953 டிசம்பரில், இப்சன் அதே ஊரில் இன்னொரு மருத்துவமனையில் இதற்கென்றே தனி வார்டு அமைத்தார். உலகின் முதல் ஐ.சி.யு. என்று பலரும் அதைத்தான் சொல்கிறார்கள். தானாக விரிந்து காற்றை இழுத்துக்கொள்ளும் ஆம்பு பேக் 1956-இல் அதே நாட்டில் ஹெஸ்ஸ, ரூபன் என்ற இருவர் செய்தது. அப்பா கையில் இருந்ததும் அதன் வாரிசுதான். மாணவர்களின் கை செய்த வேலையை மோட்டாரும் வால்வும் எடுத்துக்கொண்டதுதான் இன்று நான் பழுது பார்க்கும் வென்டிலேட்டர். இன்ஜினீயர் என்ற முறையில் அதன் உட்பகுதியை விளக்க எனக்கு ஆசைதான். மலர்க் குழு கொடுத்த பக்கம் நாலுதான், விட்டுவிடுகிறேன்.

ஆனால் பிழைக்க வைத்த கருவியே ஒரு புதுக் கேள்வியையும் கொண்டுவந்தது. மூச்சு நின்றால் உயிர் போயிற்று என்று மனிதகுலம் அதுவரை நம்பியிருந்தது. இப்போது மூச்சை மெஷின் விடுகிறது, இதயம் துடிக்கிறது, மூளை செத்துக் கிடக்கிறது. இவர் இருக்கிறாரா, இல்லையா? 1957-இல் மயக்க மருந்து நிபுணர்கள் இந்தக் கேள்வியைப் போப்பாண்டவரிடமே கொண்டு போனார்கள். எல்லா வரம்பையும் மீறிய சிகிச்சையைத் தொடர்ந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்று பன்னிரண்டாம் பத்திநாதர் பதில் சொன்னார். 1959-இல் பாரிஸ் மருத்துவர்கள் மொலாரே, குலோன் இருவரும் மயக்கத்துக்கும் அப்பாற்பட்ட ஒரு நிலையை விவரித்து எழுதினார்கள். 1968-இல் ஹார்வர்டு குழு அதற்கு இலக்கணம் வகுத்தது. நம் நாட்டில் 1994-ஆம் ஆண்டின் உறுப்பு மாற்றுச் சட்டம்தான் மூளைச் சாவைச் சாவு என்று ஏற்றுக்கொண்டது.

தாத்தா போன அதே 2008-இல், செப்டம்பரில், திருக்கழுக்குன்றம் மாணவன் ஹிதேந்திரனின் செய்தி வந்தது நினைவிருக்கும். விபத்தில் மூளைச் சாவு. டாக்டர்களான பெற்றோர் உறுப்புகளைத் தானம் செய்தார்கள். சென்னைப் போக்குவரத்தைப் போலீஸ் ஒதுக்கிவிட, 11 நிமிடத்தில் இதயம் இன்னொரு மருத்துவமனைக்குப் போய் ஒரு சிறுமிக்குப் பொருத்தப்பட்டது. தமிழ்நாட்டில் உறுப்பு தானம் வேகம் எடுத்தது அதற்குப் பிறகுதான். அப்பா அந்தப் பேப்பரை வெகுநேரம் வைத்திருந்தார். "அந்தப் பையனுக்கு மூளை போச்சுன்னு டாக்டருங்க எழுதிக் குடுத்தாங்க. உங்க தாத்தாவுக்கு யாரும் எழுதலையே" என்றார். உண்மைதான். தாத்தாவுக்கு மூளைச் சாவு இல்லை. கூசும் வெளிச்சத்துக்குக் கண் லேசாக அசைந்தது. சட்டப்படி அவர் உயிரோடு இருப்பவர். மீள மாட்டார் என்று டாக்டருக்குத் தெரியும். மெஷினை எடுக்கலாம் என்று சொல்ல அவருக்குச் சட்டத்தின் துணை இல்லை. அந்த இடைவெளியில்தான் அப்பா கையெழுத்துப் போட்ட தாள் பிறந்திருக்கிறது.

இது எங்கள் வீட்டுக்கு மட்டும் நேர்ந்தது என்றே பல வருஷம் நினைத்திருந்தேன். படித்தபோதுதான் தெரிந்தது, இந்திய ஐ.சி.யு. டாக்டர்கள் இதை ஆராய்ச்சிப் பொருளாகவே எடுத்து எழுதியிருக்கிறார்கள் என்று. இந்தியத் தீவிர சிகிச்சை மருத்துவச் சங்கம் 1993-இல் தொடங்கப்பட்டது. பம்பாயில் நான்கு ஐ.சி.யு.க்களில் நடந்த ஓர் ஆய்வு 2005-இல் வெளிவந்தது. அங்கே நேர்ந்த சாவுகளில் ஏறக்குறைய மூன்றில் ஒன்றில், சிகிச்சையை ஓர் எல்லையோடு நிறுத்தவோ விலக்கவோ முடிவு எடுத்திருக்கிறார்கள். அதே 2005-இல் ஆர்.கே. மணியும் சக டாக்டர்களும் சங்கத்தின் சார்பில் முதல் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டார்கள். 'டாக்டர் பேச்சை மீறி அழைத்துப் போனார்கள்' என்ற பெயரில் நடப்பதில் ஒரு பகுதி உண்மையில் சிகிச்சையை விலக்குவதுதான். அதை இப்படி ஒளித்துச் செய்வதால் நோயாளிக்கு வலி மருந்தும் கிடைப்பதில்லை, குடும்பத்துக்கு ஆறுதலும் கிடைப்பதில்லை. எல்லோரும் உட்கார்ந்து பேசி, எழுதி வைத்து, மூச்சுத் திணறலுக்கு மருந்து கொடுத்து, மரியாதையோடு அனுப்ப வேண்டும் என்பது அந்தக் காலம் தொட்டு அவர்கள் வாதம்.

இதை ஆங்கிலத்தில் வாசித்தபோது எனக்கு வந்தது நிம்மதியா, கோபமா என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை. 2005-இல் எழுதியாகிவிட்டது. 2008-இல் எங்களுக்கு அது வந்து சேரவில்லை. சென்னை, பம்பாய் பத்திரிகையில் வந்ததெல்லாம் பேட்டை தாண்டி வர அத்தனை காலம் ஆகிறது. அந்த டாக்டரையும் நான் குறை சொல்லத் தயாரில்லை. நாளை யாராவது கேஸ் போட்டால் அவர் பக்கம் யார் நிற்பார்?

சட்டமும் மெதுவாகத்தான் வந்தது. 1973 நவம்பரில் பம்பாய் கே.இ.எம். மருத்துவமனையில் தாக்கப்பட்டு நினைவிழந்த நர்ஸ் அருணா ஷான்பாக் வழக்கில், 2011 மார்ச்சில் சுப்ரீம் கோர்ட் முதன்முறையாக, கடும் நிபந்தனைகளோடு, உயிர் காக்கும் சிகிச்சையை விலக்கலாம் என்று சொன்னது. ஆனால் அவர் விஷயத்தில் அனுமதிக்கவில்லை. அத்தனை ஆண்டும் அவரைக் குழந்தை போலப் பார்த்துக்கொண்ட அந்த மருத்துவமனை நர்ஸுகள் வேண்டாம் என்றார்கள். 2015 மே மாதம் நிமோனியாவில் அவர் இறந்தார். நாற்பத்தொரு ஆண்டுகளுக்கு மேல் ஒரே மருத்துவமனையில், படுக்கைப் புண் இல்லாமல் பார்த்துக்கொண்டதாகச் சொல்வார்கள். சட்டப் புத்தகத்தில் அவர் பெயர் தீர்ப்புக்காக நிற்கிறது. எனக்கு அந்த நர்ஸுகள்தான் முதலில் ஞாபகத்துக்கு வருகிறார்கள்.

'காமன் காஸ்' என்ற அமைப்பு 2005-இல் போட்ட மனுவில் 2018 மார்ச் 9-ஆம் தேதி ஐந்து நீதிபதிகள் தீர்ப்புச் சொன்னார்கள். கண்ணியத்தோடு இறப்பதும் வாழும் உரிமையில் சேரும். சுயநினைவு இருக்கும்போதே 'எனக்கு இந்த நிலை வந்தால் இதைச் செய்யாதீர்கள்' என்று எழுதி வைக்கலாம். நல்ல தீர்ப்பு. ஆனால் அதை நடைமுறைப்படுத்த மாஜிஸ்திரேட் கையெழுத்து, 20 ஆண்டு அனுபவமுள்ள டாக்டர்கள் அடங்கிய குழு, கலெக்டர் அமைக்கும் இரண்டாவது குழு என்று அடுக்கியிருந்தார்கள். ஐ.சி.யு.வில் கிடப்பவருக்கு அத்தனை நாள் ஏது? ஐ.சி.யு. டாக்டர்களின் சங்கமே திரும்பக் கோர்ட்டுக்குப் போய், 2023 ஜனவரி 24-இல் நடைமுறை எளிதாக்கப்பட்டது. இப்போது நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரி சான்று போதும். குழு டாக்டர்களுக்கு ஐந்தாண்டு அனுபவம் போதும். முடிவு கூடுமானவரை 48 மணி நேரத்துக்குள். 2024-இல் மத்திய சுகாதாரத் துறையும் வரைவு நெறிமுறை ஒன்றை வெளியிட்டது.

ஒரு குறுக்குக் கேள்வி வரும். வந்தும் இருக்கிறது. "நம்ம பக்கத்துல தலைக்கூத்தல்னு செய்வாங்களே, அதைச் சட்டம் ஆக்கிட்டாங்களா?" என்று எங்கள் தெரு அண்ணாச்சி ஒருவர் கேட்டார். விருதுநகர்ப் பக்கம் படுத்த படுக்கையான முதியவரை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, இளநீர் கொடுத்து முடித்துவிடுவதைப் பற்றி 2010 வாக்கில் பத்திரிகைகளில் வந்தது உண்மை. அது கொலை. அங்கே கிழவரை யாரும் கேட்பதில்லை. பாரம் குறைகிறது, அவ்வளவுதான். இங்கே சொல்வது, போய்க்கொண்டிருக்கும் உயிரை மெஷினால் இழுத்துப் பிடிக்காமல் இருப்பதும், வலி இல்லாமல் பார்த்துக்கொள்வதும். இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுபவர்கள் இருப்பதால்தான் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2018-இல், எந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று தனியாக ஒரு விளக்கமே வெளியிட வேண்டியிருந்தது.

இனி ஆச்சி.

தாத்தா போய் ஆறு வருஷம் கழித்து ஆச்சிக்கு ஓர்மை தப்ப ஆரம்பித்தது. மில் சங்கு ஊதினால் தாத்தா ஷிப்ட் முடிந்து வருவதாக நினைத்து அரிசி களைந்து உலையில் போடுவாள். அரை மணி கழித்து இன்னொரு தடவை போடுவாள். "வயசாயிட்டுல்லா, அப்படித்தான் இருக்கும்" என்று நாங்களும் இருந்துவிட்டோம். டாக்டரிடம் போனதே இரண்டு வருஷம் கழித்து. அங்கே "இன்னைக்கு என்ன தேதி பாட்டி?" என்று கேட்டார்கள். "எனக்கு எதுக்குய்யா தேதி? ஆடி அமாவாசை கழிஞ்சு எட்டு நாள் ஆச்சு" என்றாள். எண்ணிப் பார்த்தேன். சரியாக எட்டாம் நாள்! பாபநாசத்தில் ஆடி அமாவாசைக் கூட்டத்தைப் பார்த்து வளர்ந்தவளுக்கு அதுதான் காலண்டர். தேதி தெரியாததற்கு மார்க் குறைத்தார்கள். அமாவாசை தெரிந்ததற்கு மார்க் இல்லை.

இதுவும் ஓர் ஆராய்ச்சி வரலாறுதான் என்று பின்னால் தெரிந்தது. இந்தியாவில் முதியோர் மருத்துவத்தைத் தனித் துறையாக்கிய முன்னோடி சென்னை டாக்டர் வ.செ. நடராசன், 1978-இல் சென்னை அரசு பொது மருத்துவமனையில் முதியோருக்கென்று புறநோயாளிப் பிரிவு தொடங்கியது. மறதி நோயைக் கிராமத்தில் போய் எண்ணிப் பார்த்தது 1990-களில். திருப்போரூர்ப் பக்கம் எஸ். ராஜ்குமார் குழுவினர் 60 வயது கடந்த 750 பேரைப் பார்த்து, 3.5 சதவீதம் என்று 1997-இல் எழுதினார்கள். கேரளத்தில் திருவாணியூர் பஞ்சாயத்திலும் கிட்டத்தட்ட அதே அளவு. டில்லி பக்கத்தில் பல்லப்கட் கிராமங்களிலோ மிகக் குறைவு. அங்கே நாலில் மூன்று பேர் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள். அமெரிக்கக் கேள்வித்தாளை அவர்களிடம் நீட்டினால் எல்லோருமே பெயில். ஆகவே கேள்விகளையே மாற்றினார்கள். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிப்பதற்குப் பதில் கிராமத்தாருக்கு எட்டும் சின்னக் கணக்கு. தாளில் எழுதியதைப் படித்துக் கண்ணை மூடச் சொல்வதற்குப் பதில், நான் செய்வது போலச் செய்யுங்கள் என்பது.

1998-இல் கொச்சியில் கூடிய ஆராய்ச்சியாளர்கள் '10/66' என்று ஒரு குழு அமைத்தார்கள். பெயரே ஒரு புகார். மறதி நோயாளிகளில் 66 சதவீதம் பேர் ஏழை நாடுகளில். ஆராய்ச்சியில் பத்து சதவீதம்கூட அங்கே நடப்பதில்லை. அந்தக் குழு ஏழு நாடுகளில் ஏறத்தாழ 15,000 முதியவர்களை வீடு வீடாகப் போய்ப் பார்த்தது. தமிழ்நாட்டில் சென்னையும், வேலூர் சி.எம்.சி. வழியாக வேலூர்க் கிராமங்களும் அதில் உண்டு. 2008-இல் லான்செட் பத்திரிகையில் முடிவு வந்தது. இயற்பியல் படித்தவர்கள் இந்த இடத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் அளவுகோலால் அளந்தால் வேலூர்க் கிராமத்தில் 0.3 சதவீதம். 10/66 குழு தானே வடிவமைத்த அளவுகோலால் அளந்தால் அதே ஊர், அதே கிழவர்களில் பத்து சதவீதத்தை ஒட்டி!

லேபில் இப்படி ரீடிங் வந்தால் நம் ஆசிரியர்கள் என்ன சொல்வார்கள்? கருவியைச் சரிபார் என்பார்கள். அவர்களும் அதைத்தான் செய்தார்கள். அமெரிக்க அளவுகோல், நோயாளியின் அன்றாட வாழ்க்கை பாதிக்கப்பட்டிருக்கிறது என்று வீட்டார் சொன்னால்தான் கணக்கில் எடுக்கும். நம் வீட்டிலோ மருமகள் சமைத்துப் போடுகிறாள், பேரன் பென்ஷன் வாங்கி வருகிறான். ஆச்சி திண்ணையில் இருக்கிறாள். "ஏதாவது சிரமம் உண்டா?" என்று கேட்டால், "ஒண்ணும் இல்லையே, வயசாயிட்டு" என்பதுதான் பதில். நாங்களும் ஆச்சியைப் பற்றி அப்படித்தான் சொன்னோம். திருச்சூர்ப் பக்கத்தில் ஜனங்கள் இதைச் 'சின்னன்' என்று, குழந்தைத்தனம் என்ற பொருளில், சொல்வதாக ஷாஜி என்ற டாக்டரின் குழு எழுதியிருக்கிறது. நோய் என்று பெயரே இல்லாதபோது டாக்டரிடம் யார் போவார்? ஆனால் அந்தப் பூஜ்யம் புள்ளி மூன்றுக்குள் எத்தனை மருமகள்களின் தூக்கம் போயிருக்கிறது என்பதை எங்கள் அம்மாவைக் கேட்டால் தெரியும். ராத்திரி இரண்டு மணிக்கு ஆச்சி கதவைத் திறந்துகொண்டு ஆற்றுக்குக் கிளம்பிவிடுவாள். அம்மா தன் சேலை முந்தானையை ஆச்சியின் கையில் முடிந்துகொண்டுதான் படுப்பாள்.

2023-இல் வந்த தேசிய ஆய்வின்படி 60 வயதுக்கு மேற்பட்டவர்களில் 7.4 சதவீதம், அதாவது நாடு முழுவதும் சுமார் 88 லட்சம் பேருக்கு மறதி நோய். பட்டணத்தைவிடக் கிராமத்தில் அதிகம். ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம்.

கடைசி ஆறு மாதம் ஆச்சிக்கு விழுங்க மறந்துபோயிற்று. மூக்கில் குழாய் போட வேண்டுமா என்ற கேள்வி வந்தது. ஒரு உறவுக்காரர், "பட்டினி போட்டுக் கொல்லப் போறீங்களா?" என்றே கேட்டுவிட்டார். அப்பாவுக்கு மறுபடியும் அந்தப் பைதான் ஞாபகம். இந்த முறை நான் கொஞ்சம் படித்திருந்தேன். அமெரிக்காவில் பாஸ்டன் நகரை ஒட்டிய முதியோர் இல்லங்களில் முற்றிய மறதி நோயாளிகள் 323 பேரை 18 மாதம் தொடர்ந்து பார்த்த ஆய்வு 2009-இல் வந்தது. பாதிக்கு மேல் அதற்குள் இறந்தார்கள். பெரும்பாலோருக்குச் சாப்பிட முடியாமல் போனது. காய்ச்சலும் நிமோனியாவும் வந்தன. மறதி நோயே உயிரை முடிக்கும் நோய், விழுங்க முடியாமல் போவது அதன் கடைசிக் கட்டம் என்று அது காட்டியது. இதைப் புரிந்துகொண்ட குடும்பங்கள் கடைசி நாட்களில் ஆஸ்பத்திரிக்கும் குழாய்க்கும் ஓடியது குறைவு. இந்தக் கட்டத்தில் குழாய் போடுவதால் ஆயுள் நீள்வதாகவோ நிமோனியா தடுக்கப்படுவதாகவோ ஆதாரம் இல்லை என்று 1999-லேயே ஒரு தொகுப்பாய்வு சொல்லிவிட்டது.

எங்கள் ஊர்ப் பக்கத்து டாக்டரிடம் கேட்டேன். "நீங்க படிச்சது சரிதான். நிமித்தி உக்கார வச்சு, கரண்டியில கொஞ்சம் கொஞ்சமா குடுங்க. வேண்டாம்னு வாயை மூடினா விட்டுருங்க" என்றார். அவரே அப்பாவிடமும் உட்கார்ந்து பேசினார். அரை மணி நேரம். 2008-இல் எங்களுக்குக் கிடைக்காதது அந்த அரை மணி நேரம்தான். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் ஒரு நர்ஸ் வீட்டுக்கு வந்து, புண் வராமல் திருப்பிப் படுக்க வைக்க அம்மாவுக்குச் சொல்லிக் கொடுத்தார். 2022 மாசியில், அதே பட்டாசலில், கஞ்சித் தண்ணீர் இரண்டு கரண்டி குடித்துவிட்டு ஆச்சி தூக்கத்தில் போய்ச் சேர்ந்தாள்.

இதற்கிடையில் கொரோனா. சென்னை கிண்டியில் முதியோருக்கென்று கட்டிய மருத்துவமனைக் கட்டிடம், முதியோருக்குத் திறக்கும் முன்பே 2020-இல் கொரோனா மருத்துவமனை ஆனது. 2024 பிப்ரவரியில்தான் தேசிய முதியோர் நல மருத்துவமனையாகத் திறந்தார்கள். அந்த இரண்டு ஆண்டுகளில் பல ஊர் ஐ.சி.யு.க்களில் கவச உடை போட்டுக்கொண்டு மெஷின்களுக்கு வால்வு மாற்றியிருக்கிறேன். மெஷினில் இருந்து நடந்து வீட்டுக்குப் போனவர்களையும் பார்த்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒருவரும் இல்லாமல் போனவர்களையும் பார்த்தேன். ஆகவே 'மெஷினே வேண்டாம்' என்று சொல்பவர்களோடு நான் சண்டைக்குத்தான் போவேன்.

அந்தச் சண்டை இப்போது எங்கள் வீட்டிலேயே நடக்கிறது. அப்பாவுக்கு வயது 67. தீர்ப்பைப் பற்றி நான் சொன்னதும் ஒரு நோட்டுத் தாளில் தானே எழுதி வைத்துவிட்டார். முதல் வரி: 'எனக்கு எந்த மெஷினும் வைக்கக் கூடாது.' "நிமோனியா வந்து நாலு நாள் வச்சா எந்திரிச்சு உக்காந்துருவீங்க. அதுக்கும் வேண்டாமா?" என்று கேட்டேன். யோசித்துவிட்டு அடித்தார். திரும்ப வாய்ப்பு இருந்தால் வைக்கலாம், இல்லை என்று டாக்டர்கள் குழு சொன்னால் எடுத்துவிட வேண்டும், மூச்சுத் திணறலுக்கு மருந்து கொடுக்க வேண்டும், கூடுமானால் வீட்டில் என்று மாற்றி எழுதினோம். தன் சார்பில் முடிவு சொல்ல என்னையும் தங்கையையும் குறித்திருக்கிறார். ஒன்றுக்கு மேற்பட்டோரைக் குறிக்க இப்போது இடம் உண்டு. இரண்டு சாட்சிகள் வேண்டும். ஒரு சாட்சி சித்தப்பா. அன்றைக்கு ஆம்புலன்ஸில் மாறி மாறி அழுத்தியவர். "நான் போடுதேன்" என்று அவரே வந்து சொன்னார்.

மூக்குக் குழாய் பற்றிய வரி மட்டும் இன்னும் காலியாக இருக்கிறது. அம்மா அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. "கரண்டியில குடுக்க நான் இருப்பேனா, யாரு கண்டா?" என்கிறாள். அது முடிந்தால் அம்பாசமுத்திரத்தில் நோட்டரியிடம் போக வேண்டும். ஆடி கழியட்டும் என்று அப்பா சொல்லியிருக்கிறார்.